நடுக் கதிரையை விட்டுக்கொடுங்கள்: வீட்டில் நல்ல ஒலியோடு பாட்டுக் கேட்கும் பழக்கத்துக்குள் இளையவர்களை அழைத்து வர ஒரு வழிகாட்டி

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய அம்பிளிபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் இருக்கின்றன. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேர் கூடிப் பாட்டுக் கேட்போம். எல்லாருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. இந்தப் பெட்டிகளை எங்களுக்குப் பிறகு யார் போட்டுக் கேட்கப்போகிறார்கள் என்ற கவலை எனக்குக் கனகாலமாக இருந்தது.

ஏ.எல் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நின்ற பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் எட்டிப் பார்த்து, "இது என்ன மாமா?" என்று கேட்டான். நாற்பது நிமிடம் விளக்கினேன். வால்வு என்றால் என்ன, டிரான்சிஸ்டர் என்றால் என்ன, இந்த ஸ்பீக்கரை எப்படித் தேடிப் பிடித்தேன் என்றெல்லாம் சொன்னேன். ஒரு பாட்டுக்கூடப் போடவில்லை. அவன் பிறகு வரவேயில்லை. அடுத்த வருடம் வேறொரு பையன் வந்தான். அவனை நடுக் கதிரையில் இருத்தி, "உங்கட போனில இருக்கிற பாட்டைப் போடுங்க" என்று மட்டும் சொன்னேன். இரண்டு மணித்தியாலம் எழும்பவில்லை. கீழே வரும் படிகளெல்லாம் இந்த இரண்டு பையன்களுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டவை.

முதலாம் படி: அவர்கள் ஏற்கெனவே கேட்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளுங்கள்

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒலியின் தரம் விளங்காது" என்ற பேச்சை விட்டுவிட வேண்டும். பின்னேரம் கல்லடிப் பாலத்தடியில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஓட்டோவின் பின் இருக்கைக்கடியில் சப்வூபர் வைத்து, பற்றரியிலிருந்து தடித்த வயர் இழுத்து, பியூஸ் போட்டு ஓடித் திரிகிற பையன்கள் எத்தனை பேர்! பெட்டியின் கன அளவு மாறினால் பேஸ் என்கிற கீழ் ஒலி எப்படி மாறும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கமாகவே தெரியும். கல்யாண வீடுகளுக்கு டிஜே செட் பூட்டப் போகிறவர்களும் அப்படித்தான். ஒலிக்காகக் காசையும் நேரத்தையும் செலவழிக்கிற இளையவர்கள் நம் ஊரில் நிறையவே இருக்கிறார்கள். நம்முடைய அறைக்குள்தான் அவர்கள் இல்லை. முதல் அழைப்பு அவர்களுக்குப் போகட்டும்.

இரண்டாம் படி: நாளும் நேரமும்

ரியூசன் இல்லாத நேரத்தைக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை. எனக்குச் சரிவந்தது பௌர்ணமி விடுமுறையான போயா தினம். பள்ளிக்கூடமும் இல்லை, அநேகமாக வகுப்பும் இல்லை. கோயில் திருவிழாக் காலத்தில் வைக்காதீர்கள், குழாய் ஸ்பீக்கரோடு போட்டி போட முடியாது. பிள்ளைகளின் தாய் தகப்பனிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள். கதவும் யன்னலும் திறந்தே இருக்கட்டும், வீட்டுப் பெண்களும் கூட இருக்கட்டும். அப்போதுதான் பெண்பிள்ளைகளும் வருவார்கள். பொடியன்கள் மட்டும் கூடுகிற இடமாக முதல் மாதமே பதிந்துவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம்.

இசை வேண்டாம் என்று இருக்கிற வீடுகளும் நம் மாவட்டங்களில் உண்டு. அந்தப் பிள்ளைகளை விட்டுவிட வேண்டியதில்லை. மனிதக் குரல், மழை, கடலலை, சந்தை இரைச்சல் ஆகியவற்றின் ஒலிப்பதிவுகளைப் போடலாம். ஸ்பீக்கருக்கு மிகக் கடினமான பரீட்சை, நமக்குத் தெரிந்தவர் ஒருவரின் பேச்சுக் குரல்தான், ஏனென்றால் அதில் பிழை இருந்தால் எந்தக் காதும் உடனே பிடித்துவிடும். குர்ஆன் ஓதலையும் தேவாரத்தையும் மட்டும் சாமான் சோதிக்கப் போடாதீர்கள். அவற்றை அவற்றுக்குரிய மரியாதையோடுதான் கேட்க வேண்டும்.

மூன்றாம் படி: அறையைத் தயார்படுத்துங்கள்

நம் வீடுகள் சீமெந்துச் சுவரும் டைல்ஸ் தரையுமாக இருக்கின்றன. அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். "டிர்ர்" என்று ஒரு நடுக்கம் பின்னால் வந்தால், சத்தம் இரண்டு சுவருக்கும் இடையில் ஓடித் திரிகிறது என்று அர்த்தம். பாய் விரித்தால் மேல் ஒலிகள் கொஞ்சம் அடங்கும், பேஸுக்கு அது போதாது. மெத்தை ஒன்றைப் பின்சுவரில் சாய்த்து வைத்தால் நல்ல வித்தியாசம் தெரியும். புத்தக அலுமாரியும், மடித்துப் போட்ட தடித்த சீலைகளும் உதவும். திரும்பவும் கைதட்டிப் பாருங்கள். இந்த வேலையைப் பிள்ளைகள் வந்த பிறகு அவர்களைக் கொண்டே செய்விப்பது இன்னும் நல்லது. மெத்தையைத் தூக்கி நிறுத்தியவுடன் குரல் தெளிகிறதை ஒருமுறை தாங்களே கேட்டுவிட்டால், ஒலி அறைக்குள்தான் உருவாகிறது என்பதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

மின்விசிறியின் சத்தத்தை நாங்கள் பழகி மறந்துவிட்டோம். பாட்டு ஓடும் ஐந்து நிமிடத்துக்கு அதை நிறுத்துங்கள். வெக்கை தாங்காவிட்டால் பொழுது பட்ட பிறகு தொடங்கலாம்.

ஸ்பீக்கர்களை வைக்க ஒரு நூல் போதும். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் 2 மீற்றர் இருந்தால், ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் கதிரையில் இருப்பவரின் தலைக்கும் அதே 2 மீற்றர். மூன்று பக்கமும் சமமான முக்கோணம். மேல் ஒலி தருகிற சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டர் காதின் உயரத்தில் இருக்க வேண்டும். பெட்டியைச் சுவரோடு ஒட்டினால் பேஸ் கூடிக் குழம்பும், ஓரடி முன்னுக்கு இழுத்துப் பாருங்கள். சிவப்பு முனை சிவப்புக்கும் கறுப்பு முனை கறுப்புக்கும் போயிருக்கிறதா என்று இரண்டு தரம் பாருங்கள். ஒரு பக்கம் மாறிவிட்டால் பேஸ் மெலிந்து, பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் சிதறிக் கிடக்கும்.

நான்காம் படி: முதல் மாலை

இந்த மாலையில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வந்த பிள்ளையை நடுக் கதிரையில் இருத்துங்கள். நீங்கள் ஓரத்தில் இருங்கள். நம் வீடுகளில் பெரியவருக்குத்தான் நல்ல கதிரை என்பது வழக்கம், பிள்ளையும் கூச்சப்படும். "பரவாயில்ல, இருங்க" என்று வற்புறுத்துங்கள். ஸ்டீரியோ ஒலி என்பது அந்த ஒரு இடத்தில்தான் முழுதாகத் திறக்கிறது. ஓரத்தில் இருத்திவிட்டு "கேக்குதா?" என்று கேட்பது, யன்னலுக்கு வெளியே நிற்க வைத்துக் கூத்துக் காட்டுவது போல.

அவர்களுடைய போனையே பூட்டுங்கள். 3.5 மில்லிமீற்றர் துளை இல்லாத போனுக்கு ஒரு சிறிய டொங்கிள் வாங்கி வையுங்கள், இல்லாவிட்டால் புளூடூத்தே போதும். கேட்கும் முறையைப் பற்றிய விவாதம் முதல் நாளுக்கு உரியதல்ல. பாட்டு அவர்களுடைய தெரிவு. உங்களுக்குப் பிடிக்காத ராப் பாட்டு வந்தாலும் முகம் சுளிக்காமல் முழுதாகக் கேளுங்கள். சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழும் அவர்கள் கையில் இருக்கட்டும். ஒரு எல்லையை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அவர்களுக்கு மனப்பாடமான பாட்டையே போட வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. இருநூறு தரம் இயர்போனில் கேட்ட பாட்டில் புதிதாக ஒன்று கேட்டால் உடனே தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்த பையன் மூன்றாவது பாட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, "மாமா, குரல் நடுவில இருந்து வருது, அங்க பொக்ஸ் ஒண்டும் இல்லையே?" என்றான். எழும்பிப் போய் நடு இடத்தைக் கையால் தடவிப் பார்த்தான். இயர்போனில் தலைக்குள்ளே இருந்த பாடகர் அன்று முதல்தரம் அவனுக்கு எதிரே வந்து நின்றார்.

அப்போதும் விளக்காதீர்கள். அவர்கள் கேட்டால் ஒரே வசனத்தில் பதில் சொல்லுங்கள்: "ரெண்டு பொக்ஸிலயும் ஒரே அளவில ஒரே குரல் வந்தா, காதுக்கு அது நடுவில இருந்து வாற மாதிரித் தெரியும்." அவ்வளவு போதும். சாமானின் விலையை வாயால் சொல்லவே கூடாது. விலையைக் கேட்ட பிள்ளை, இது பணக்காரர் வேலை என்று மனதுக்குள் கதவைச் சாத்திவிடும். எங்கள் கூட்டத்தில் வயர்களின் விலையைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டோம்.

அவர்களுடைய நாலைந்து பாட்டு முடிந்த பிறகு நீங்கள் ஒன்றே ஒன்று போடலாம். குறைந்த வாத்தியமும் தெளிவான குரலும் உள்ள பாட்டாகத் தெரிவு செய்யுங்கள். ஒன்றோடு நிறுத்துங்கள், இரண்டாவதை அவர்களே கேட்க வேண்டும்.

ஐந்தாம் படி: அவர்களுடைய காதை நம்புங்கள்

மனிதக் காது 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும் என்று புத்தகத்தில் இருக்கும். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிவிடும். போனில் இலவசமாகக் கிடைக்கும் ஒலி உருவாக்கிச் செயலி ஒன்றில் 8, 10, 12, 14, 16 கிலோஹேர்ட்ஸ் என்று ஏற்றிக்கொண்டு போங்கள். கேட்கிறவர் கையை உயர்த்த வேண்டும். எங்கள் கைகள் 12க்குள் இறங்கிவிட்டன. பிள்ளைகள் 16இலும் உயர்த்திக்கொண்டு நின்றார்கள். ஒரு கவனம்: நமக்குக் கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டிவிடாதீர்கள். நமக்குக் கேட்காத ஒலி அவர்கள் காதைக் குத்தும், ட்வீட்டரும் எரியும். குறைந்த அளவில் தொடங்கி அதிலேயே முடியுங்கள்.

இந்தச் சோதனைக்குப் பிறகு அறைக்குள் பேச்சு மாறும். "இந்தப் பெட்டியில் மேல் ஒலி கூடுதலா?" என்று அவர்களிடம்தான் நாங்கள் கேட்க வேண்டியிருக்கிறது. இப்போதெல்லாம் ஸ்பீக்கர் இடம் மாற்றும்போது பிள்ளைகள் இல்லாமல் முடிவெடுப்பதில்லை.

காதைக் காப்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் பாதுகாப்பான எல்லை. சிறுவர்களுக்கு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். ஆகவே 83இல் 20 மணித்தியாலம், 86இல் 10 மணித்தியாலம். போனில் டெசிபல் அளக்கும் செயலி ஒன்றைத் திறந்து நடுக் கதிரையில் வையுங்கள். மிகத் துல்லியமாக இராவிட்டாலும், எண்ணைக் கண்ணால் பார்த்த பிள்ளை பிறகு தானே குமிழைத் திருப்பும்.

இரண்டு சாமான்களை ஒப்பிடும்போதும் அதே செயலியால் இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்துங்கள். கொஞ்சம் கூடச் சத்தமாக ஓடுவது எப்போதும் "நல்லா இருக்கு" என்றே தோன்றும். இந்தப் பொறியில் பெரியவர்களும் விழுகிறார்கள்.

ஆறாம் படி: அவர்களுக்கென்று ஒரு செட்

உங்கள் வீட்டுக்கு வந்து கேட்பதோடு நின்றால் அது உங்களுடைய பொழுதுபோக்குத்தான். மூன்றாவது மாதமளவில் அவர்கள் வீட்டில் ஒரு செட் ஓட வேண்டும்.

புதிதாக வாங்கத் தேவையில்லை. வெளிநாடு போய் வந்தவர்கள் அந்தக் காலத்தில் கொண்டுவந்த செட்டுகள் காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமெல்லாம் அலுமாரி மேலும் கட்டிலடியிலும் கிடக்கின்றன. வீட்டுக்காரரிடம் கேட்டாலே தருவார்கள். அநேகமாக அம்பிளிபயர் பழுதாக இருக்கும், ஸ்பீக்கர் பெட்டி நல்லதாக இருக்கும். ஆகவே பெட்டியை எடுத்துக்கொண்டு, 12 வோல்ட்டில் ஓடும் சிறிய கிளாஸ் டி அம்பிளிபயர் போர்ட் ஒன்றைப் பூட்டுவதே என் பரிந்துரை. 8 ஓம் ஸ்பீக்கரில் அது ஏறக்குறைய 9 வாட் தரும். குறைவென்று நினைக்காதீர்கள். சாதாரணப் பெட்டி ஒன்று 1 வாட்டிலேயே ஒரு மீற்றர் தூரத்தில் 85 டெசிபல் அளவுக்குச் சத்தம் போடும். படுக்கையறைக்கு அது தாராளம்.

இதில் இன்னொரு நன்மை பாதுகாப்பு. சுவரில் வருவது 230 வோல்ட். பழைய அம்பிளிபயரைத் திறந்தால், பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் மின் தங்கியிருக்கும். பிள்ளைகள் அதைத் தனியே திறக்கக் கூடாது என்பதை உறுதியாகச் சொல்லுங்கள். 12 வோல்ட் போர்டில் அந்த ஆபத்து இல்லை, ஓட்டோப் பையன்களுக்கு அது பழக்கமும்கூட. கரண்ட் போனாலும் பற்றரியில் ஓடும்.

பெட்டிகளில் பார்க்க வேண்டியது, பேஸ் தருகிற பெரிய ஸ்பீக்கரான வூபரைச் சுற்றியுள்ள பஞ்சு வளையம். நம் ஈரக் காற்றில் அது பொடியாகி உதிரும். கூம்பு நல்லதாக இருந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம். அளவு பார்த்து வாங்கி, பழைய பசையைப் பொறுமையாகச் சுரண்டி, கூம்பு நடுவில் நிற்கும்படி ஒட்டி ஒருநாள் காய விட வேண்டும். குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் கொன்டக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து இருபது தரம் திருப்பினால் போதும். ஒருமுறை செத்த பல்லி ஒன்று போர்டைச் சோர்ட் ஆக்கியிருந்தது, காற்றுத் துளைகளுக்கு உள்ளே மெல்லிய வலை வைத்துவிடுங்கள். கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கிற ஊரில் உப்புக் காற்று முனைகளை அரிக்கும். மாரி காலத்தில் ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் செட்டை ஓட விடுங்கள், அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி முழங்கினால் பிளக்கையும் அன்ரனாவையும் கழற்றுங்கள், சுவிட்சை நிறுத்துவது மட்டும் போதாது.

ஏழாம் படி: வீட்டில் கிடக்கும் கசெட்டுகள்

இதைப் போல் பிள்ளைகளைப் பிடித்து இருத்தியது வேறொன்றுமில்லை. கசெட் 1963இல் வந்தது. எண்பதுகளில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கசெட்டில் பேசி அனுப்பினார்கள், வீட்டார் மறுபக்கத்தில் பேசித் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கசெட்டுகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன.

எங்களிடம் வரும் ஒரு மாணவன் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தான். அவன் வாப்பாவுடைய வாப்பாவின் குரல். பூஞ்சணம் பிடித்த கசெட்டை நல்ல டெக்கில் போடக் கூடாது. முதலில் நிழலில் வைத்து ஈரம் போக்கி, பழைய டெக் ஒன்றில் முன்னும் பின்னும் ஓட்டி, ஐசோப்ரொப்பைல் அல்ககோல் தோய்த்த பஞ்சால், நாடாவை வாசிக்கும் ஹெட்டை அடிக்கடி துடைத்தோம். எங்கள் டெக்கின் ரப்பர் பெல்ட் உருகித் தார் போல ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துப் புதியது போட ஒரு பின்னேரம் போனது. பிறகு கொம்பியூட்டரில் பதிவு செய்தோம். சி 60 கசெட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், அவசரப்பட முடியாது. ஸ்பீக்கரில் அந்த மனிதர் இருமி, தொண்டையைச் செருமி, "எல்லாரும் சுகமா?" என்று கேட்டபோது பேரன் நடுக் கதிரையில் இருந்தான். அடுத்த முறை அவன் உம்மாவையும் கூட்டி வந்தான்.

எட்டாம் படி: ஊரின் ஒலியைப் பதிவு செய்யுங்கள்

கேட்பவர்களை ஒலிப்பதிவாளர்களாக ஆக்கிவிட்டால் அவர்கள் போகமாட்டார்கள். நம் ஊரில் பதிவு செய்யப் பொருளுக்குப் பஞ்சமில்லை. வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் அரங்கேற்றம், கண்ணகி கோயில் குளிர்த்திச் சடங்கு, உடுக்கு, கோலடித்து ஆடும் களிகம்பு, மீன் சந்தை. கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடமும் கோயில் நிர்வாகத்திடமும் அனுமதி கேட்பது முதல் வேலை.

விலையுயர்ந்த கருவி வேண்டாம். இரண்டு போன்களை அரை மீற்றர் இடைவெளியில் ஒரே உயரத்தில் நிறுத்துங்கள். ஒன்று இடக்காது, மற்றது வலக்காது. இரண்டிலும் பதிவைத் தொடங்கிவிட்டு, நடுவில் நின்று ஒரு தரம் கைதட்டுங்கள். பிறகு கொம்பியூட்டரில் அந்தக் கைதட்டு இரண்டிலும் ஒரே இடத்தில் விழும்படி பொருத்தினால் ஸ்டீரியோப் பதிவு தயார். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாகப் பதியுங்கள். சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்துங்கள். அது மத்தள அடியை அமுக்கிவிட்டு இடையில் கிடக்கும் இரைச்சலைத் தூக்கிவிடும். மத்தளத்திலிருந்து மூன்று மீற்றராவது தள்ளி நில்லுங்கள், அளவுமானி சிவப்பைத் தொடவே கூடாது.

போயா இரவில் வாவிக்குப் போங்கள். 1848இல் இங்கு வந்த ஆங்கிலேய அதிகாரி எமர்சன் டெனன்ட் கேட்டு வியந்து எழுதிய, நீருக்கடியிலிருந்து இசை போல எழும் பாடும் மீன் ஒலியை, தோணியில் போய்த் துடுப்பின் ஒரு முனையை நீரில் இறக்கி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது நம் முன்னோர் கண்ட முறை. அதையே, அதிர்வை மின்சாரமாக மாற்றும் பீசோ தட்டு ஒன்றால் செய்யலாம். சிறிய தட்டில் கவச வயர் பற்றவைத்து, தண்ணீர் புகாதபடி சிலிக்கன் பூசி, வாவிக்குள் இறக்குங்கள். போனில் நேரே பூட்டினால் கீழ் ஒலிகள் மெலிந்துவிடும். இடையில் சிறிய முன்பெருக்கி ஒன்று வேண்டும், அதையும் பிள்ளைகளே கட்டலாம். வள்ளக்காரர் ஒருவர் கூட இருக்க வேண்டும், எல்லாரும் உயிர்காப்பு அங்கி போட வேண்டும். காரைதீவில் பிறந்து, விஞ்ஞானம் கற்பித்து, பழந்தமிழ் யாழின் சுருதிகளைக் கணக்கிட்ட சுவாமி விபுலாநந்தரைப் பற்றிப் பேச இதைவிட நல்ல இடம் வேறில்லை. முதல் தரம் போன எங்களுக்குக் கேட்டது படகுகளின் மோட்டார் சத்தமும் ஒரு மெல்லிய டொக் டொக்கும்தான். பிள்ளைகள் அதையே வீட்டுக்கு வந்து நாலு தரம் போட்டுக் கேட்டார்கள்.

ஒன்பதாம் படி: வீட்டை மாற்றுங்கள்

ஐந்தாறு மாதம் கழிந்ததும் கூட்டத்தை ஒரு பிள்ளையின் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். செட் சிறியதாக இருக்கட்டும். பாட்டுகளின் ஒழுங்கை அவர்களே எழுதட்டும். தேத்தண்ணி அந்த வீட்டார் தருவார்கள், பலகாரம் நீங்கள் கொண்டுபோங்கள். ஒரு கொப்பியில் அன்று கேட்ட பாட்டு, பெட்டிகளுக்கிடையே இருந்த தூரம், யார் எதைக் கேட்டுச் சொன்னார்கள் என்பதைக் குறித்துவையுங்கள்; அடுத்த முறை வருகிறவர் அதிலிருந்து தொடங்கலாம்.

எங்களுடைய முதல் வெளிக்கூட்டம் ஆரையம்பதியில் ஒரு மாணவியின் வீட்டில் நடந்தது. பத்தடி அறை, கட்டிலடியில் கிடந்த பெட்டிகள், 12 வோல்ட் போர்ட். நாங்கள் போனபோது அவள் நிலத்தில் முழந்தாளிட்டு நூலால் முக்கோணம் அளந்துகொண்டிருந்தாள். நடுக் கதிரையில் அவளுடைய அம்மம்மா இருந்தார். எங்களுக்கு விறாந்தைப் பக்கம் பாய் விரித்திருந்தது.